ஏன் என்று எழுதி வையுங்கள்

கணினித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்ததும், எங்கள் குடியிருப்பில் பலரும் என்னிடம் கொண்டுவந்து நீட்டுவது செல்போனைத்தான். "சார், இதுல சத்தம் வரமாட்டேங்குது" என்பார்கள். எனக்குத் தெரிந்ததைச் செய்து கொடுப்பேன். ஆனால் முப்பது வருஷம் நான் பார்த்த வேலை அது இல்லை. அந்த வேலையில் மிகவும் கஷ்டமான பகுதி எது என்று யாராவது கேட்டால், கணினியோடு பேசுவது அல்ல, பக்கத்து நாற்காலிக்காரரோடு பேசுவது என்றுதான் சொல்வேன். இந்த வாரம் அதைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். கணினி தெரியாதவர்களும் படிக்கலாம். பயப்பட வேண்டாம்.

வீடு கட்டிய அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. சுவருக்கு என்ன வண்ணம் என்பதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் தூண் எங்கே நிற்க வேண்டும், செப்டிக் டேங்க் எங்கே, போர் எங்கே என்பதெல்லாம் அப்படி இல்லை. பிறகு மாற்ற வேண்டுமென்றால் தரையை உடைக்க வேண்டும். மென்பொருளிலும் இந்த இரண்டு வகை முடிவுகள் உண்டு. எந்தத் தகவல் எங்கே தங்கும், எந்த ப்ரோகிராம் எதோடு பேசும், பாதியில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பவை தூண் வகை. இவற்றைத்தான் கட்டமைப்பு முடிவுகள் என்போம்.

இந்த முடிவுகளை எடுக்கக் கற்றுத்தரப் படிப்புகள் இருக்கின்றன. எடுத்த முடிவை அணியில் உள்ள மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது என்பதை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. அதன் அருமை எனக்குப் புரிந்தது ஒரு விசாரணையின்போதுதான்.

அது 2000-களின் நடுப்பகுதி. நான் இருந்த நிறுவனத்தில் இன்னொரு அணி, ஓய்வூதியம் பட்டுவாடா செய்யும் மென்பொருளைப் பராமரித்து வந்தது. நிறுவனத்தின் பெயரும் வாடிக்கையாளரின் பெயரும் வேண்டாம். மாதக் கடைசி இரவில் அந்த மென்பொருள் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்று கணக்குப் போட்டு வங்கிக்கு அனுப்பும். காலையில் நம்மைப் போன்றவர்கள் பாஸ்புக்கோடு வங்கி வாசலில் நிற்பார்கள்.

அந்த அமைப்பில் ஒரு விசித்திரம் இருந்தது. கணக்குப் போட்டவுடன் தொகையை நேராக வங்கிக்கு அனுப்பாமல், ஒரு இடைப் பட்டியலில் எழுதி வைப்பார்கள். ஆளுக்கு ஒரு வரி. பிறகு இன்னொரு ப்ரோகிராம் அந்தப் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படித்து வங்கிக்கு அனுப்பும். ஒரே விஷயத்தை ஒருமுறை எழுதி, மறுபடி படித்து, அதன்பிறகு அனுப்புவதால் நேரம் கூடுதலாகும். ஓய்வூதியர்கள் எண்ணிக்கை கூடக் கூட, இரவில் தொடங்கும் வேலை காலை ஆபீஸ் நேரத்தைத் தொட ஆரம்பித்தது.

வேகப்படுத்தச் சொல்லி ஒரு பையனிடம் கொடுத்தார்கள். சேர்ந்து ஒரு வருஷம் ஆகாத, கெட்டிக்காரப் பையன். அவன் அந்த இடைப் பட்டியலை எடுத்துவிட்டு, கணக்குப் போட்டதும் நேராக வங்கிக்கு அனுப்பும்படி மாற்றினான். சோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. நேரம் நன்றாகக் குறைந்தது. எல்லோரும் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை.

ஐந்தாவது மாதம் இரவு இரண்டு மணிக்கு வங்கிக்குப் போகும் லைன் அறுந்தது. இரவுப் பணியில் இருந்தவர் கையில் ஒரு தாள் இருந்தது. "நின்றுபோனால் மறுபடி ஓட்டவும்" என்று அதில் போட்டிருந்தது. அவர் அப்படியே செய்தார். முதலிலிருந்து ஓடியது. லைன் அறுவதற்கு முன்னால் பணம் போயிருந்த அத்தனை பேருக்கும் மறுபடி பணம் போனது.

வாங்கியவர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? பஞ்சப்படி அரியர் வந்துவிட்டது என்று. நாமாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம். சிலர் கடனை அடைத்தார்கள், சிலர் பேரனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினார்கள். அடுத்த மாதம் அதைப் பிடித்துக்கொண்டபோது அவர்கள் கணக்கில் ஒன்றும் வரவில்லை. மனுக்கள் வந்தன. குடும்ப ஓய்வூதியம் வாங்கும் ஒரு அம்மாள் இன்லண்ட் லெட்டரில் எழுதியிருந்தார். அதை நான் படித்தேன். கோபம் ஒரு வரிகூட இல்லை. தான் என்ன தப்பு செய்தேன் என்றுதான் கேட்டிருந்தார்.

மேலிடத்தில் கேட்ட முதல் கேள்வி, "யார் செய்தது?" பையன் இன்னும் தகுதிகாண் பருவத்தில் இருந்தான். அவனை வீட்டுக்கு அனுப்பும் கடிதம் தயாராகிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் வேறு அணியிலிருந்து ஒருவர் விசாரித்து அறிக்கை தரட்டும் என்று என்னை அனுப்பினார்கள்.

பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"யாரையும் கேக்காமலா எடுத்தே?" என்றேன்.

"கேட்டேன் சார். நாலு பேர்கிட்ட கேட்டேன்."

நான்கு பேரையும் தனித்தனியாக விசாரித்தேன். அவன் சொன்னது உண்மை. ஒருவர், "அது ரொம்ப நாளா இருக்குப்பா" என்றிருக்கிறார். இன்னொருவர், "ரிப்போர்ட்டுக்கா இருக்கும்" என்றிருக்கிறார். மூன்றாமவர், "மேடம் வச்சது, கை வைக்காதே." நான்காமவர், "எனக்குத் தெரியலை, பார்த்து செய்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ப்ரோகிராமில் அந்தப் பட்டியலுக்கு வைத்திருந்த பெயரே தற்காலிகப் பட்டியல் என்ற பொருளில்தான் இருந்தது. அலமாரியில் வடிவமைப்பு ஆவணம் தலையணை கனத்தில் கிடந்தது. புரட்டினேன். கட்டங்கள், அம்புக்குறிகள் எல்லாம் இருந்தன. இடைப் பட்டியலுக்கும் ஒரு கட்டம் இருந்தது. என்ன இருக்கிறது என்பது முழுக்க இருந்தது. ஏன் இருக்கிறது என்பது ஒரு வரிகூட இல்லை.

அந்த மேடம் ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் இருந்தார். தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். கேள்வியை முடிக்கக்கூட விடவில்லை.

"அதுவா? லைன் பாதியில அறுந்தா யாருக்குப் போச்சு, யாருக்குப் போகலைன்னு எப்படித் தெரியும்? ஒவ்வொரு வரியா அனுப்பிட்டு 'போயாச்சு'ன்னு குறி போடும். மறுபடி ஓட்டினா குறி போடாததுல இருந்துதான் ஆரம்பிக்கும். அதுக்குத்தான் அந்தப் பட்டியல். அப்பவே மீட்டிங்ல சொன்னேனே!"

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் சொன்னதும் உண்மைதான். மீட்டிங் நடந்திருக்கிறது, விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். அதில் இருந்த ஆறு பேரில் ஒருவர் மட்டும் இன்னும் நிறுவனத்தில் இருந்தார். அவரிடம் கேட்டதற்கு, அன்றைக்கு வாழைக்காய் பஜ்ஜி கொடுத்தார்கள் என்பது மட்டும் அவருக்கு நினைவிருந்தது.

அறிக்கையில் நான் எழுதியதன் சாரம் இதுதான்: தூணை எடுத்தவன் மேல் குற்றமில்லை, ஏனென்றால் அது தூண் என்று அவனிடம் சொல்ல அந்தக் கட்டடத்தில் ஒருவரும் இல்லை. "கை வைக்காதே" என்பது காரணம் ஆகாது. காரணம் தெரியாத தடையை ஒரு புத்திசாலி ஒருநாள் தாண்டத்தான் செய்வான். பையனின் வேலை பிழைத்தது. பணி நிரந்தரம் மட்டும் ஆறு மாதம் தள்ளிப்போனது. ஓய்வூதியர்களிடம் மீதிப் பிடித்தத்தை மூன்று தவணையாக மாற்றிக்கொள்ள வாடிக்கையாளரும் சம்மதித்தார்.

எங்களுக்கு மட்டும் நடந்தது என்று நினைக்காதீர்கள். 1996 ஜூன் 4-ஆம் தேதி, பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பியர்களின் ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. சுமார் 40 வினாடிகளில் பாதை மாறி வெடித்துச் சிதறியது. உள்ளே இருந்த நான்கு செயற்கைக்கோள்களும் போயின. காரணம், முந்தைய ஏரியான் 4-க்காக எழுதி, அப்படியே எடுத்துப் போட்ட ஒரு மென்பொருள். அதில் ஒரு பெரிய எண்ணை, 32,767 வரை மட்டுமே கொள்ளும் ஒரு சிறிய இடத்தில் போட வேண்டியிருந்தது. பழைய ராக்கெட்டின் வேகத்துக்கு அந்த எண் ஒருநாளும் அவ்வளவு பெரிதாகாது. அதனால் அங்கே பாதுகாப்பு தேவையில்லை என்று ஆலோசித்துத்தான் விட்டிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் பாதை வேறு. எண் நிரம்பி வழிந்தது. வழிகாட்டும் கணினி நின்றது. மாற்றுக் கணினியிலும் அதே மென்பொருள் என்பதால் அதுவும் நின்றது.

விசாரணைக் குழு அந்த ஜூலையிலேயே அறிக்கை கொடுத்துவிட்டது. அதில் என் கண் நின்ற இடம் ஒன்று உண்டு. ஆபத்து வரக்கூடிய ஏழு எண்களில் நான்குக்குப் பாதுகாப்பு கொடுத்து, மூன்றை விட்டிருந்தார்கள். ஏன் விட்டார்கள் என்பதற்கான நியாயம் ப்ரோகிராமில் எங்கும் குறிப்பிடப்படவில்லை, ஏராளமான ஆவணங்களுக்கு நடுவே அது பார்வைக்குப் படாமல் மறைந்து கிடந்தது என்கிறது அந்த அறிக்கை. மறைத்தவர் யாருமில்லை, மறைந்துவிட்டது. எங்கள் தலையணை ஆவணமும் அந்த ரகம்தான்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? பெரிய ஆவணம் இன்னொன்று எழுதவில்லை. தூண் வகை முடிவு ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டோம். வரிசை எண் போட்டு, ப்ரோகிராம் இருக்கும் அதே இடத்தில் வைத்தோம். அலமாரிக்குப் போய்த் தேட வேண்டியதில்லை. சில வருஷம் கழித்து, 2011-இல் மைக்கேல் நைகார்ட் என்ற அமெரிக்கர் இதே முறையை அழகாக வகுத்து எழுதினார். தலைப்பு, நிலை, சூழல், முடிவு, விளைவுகள் என்று ஐந்தே பகுதிகள். இன்று உலகம் முழுக்கப் பல அணிகள் இதைப் பின்பற்றுகின்றன. நாங்களும் எங்கள் பக்கங்களை அந்த ஐந்துக்குள் கொண்டுவந்தோம்.

மேடம் சொன்னதை வைத்து எழுதிய பக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

தலைப்பு: ஓய்வூதியத் தொகைகளை இடைப் பட்டியலில் எழுதிவிட்டு அனுப்புதல்.

நிலை: ஏற்கப்பட்டது, நடைமுறையில் உள்ளது.

சூழல்: வங்கிக்குப் போகும் லைன் இரவில் அறுவதுண்டு. ஒருவருக்கே இரண்டு முறை அனுப்பினாலும் வங்கி ஏற்றுக்கொள்ளும். இரட்டை வரவைத் திரும்பப் பெறுவது ஓய்வூதியர்களுக்குப் பெரிய கஷ்டம்.

முடிவு: ஆளுக்கு ஒரு வரி எழுதி, அனுப்பியதும் குறி போட வேண்டும். மறுபடி ஓட்டினால் குறி இல்லாதவை மட்டும் போகும். நேரடியாக அனுப்பும் வழியையும் யோசித்தோம், மேலே சொன்ன காரணத்தால் விட்டோம்.

விளைவுகள்: நேரம் கூடும், அதைத் தெரிந்தே ஏற்கிறோம். லைன் அறுந்த நேரத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு வரி மட்டும் சந்தேகத்தில் இருக்கும், அதை வங்கியிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும். இரட்டை வரவை வங்கியே தடுக்கும் ஏற்பாடு வந்தால் இந்த முடிவை மறுபடி யோசிக்கலாம்.

இவ்வளவுதான். இதைப் படிக்க இரண்டு நிமிஷம் போதும். இது இருந்திருந்தால் அந்தப் பையன் பட்டியலை எடுத்திருக்க மாட்டான். வேகப்படுத்த வேறு வழி தேடியிருப்பான். கவனித்தீர்களா, இதில் முடிவைவிட முக்கியமானவை இரண்டு. ஒன்று, எதை வேண்டாம் என்று விட்டோம் என்பது. மற்றது, எதை இழக்கச் சம்மதித்தோம் என்பது. நல்ல பக்கத்தை மட்டும் எழுதினால் படிப்பவன் நம்பமாட்டான். "இதனால் நேரம் கூடும், தெரியும்" என்று நாமே எழுதிவிட்டால், அடுத்து வருபவன் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எழுதி வைத்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. நேரிலும் பேச வேண்டும். இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மூத்தவர் பலகையில் படம் போட்டு விளக்கிவிட்டு, "புரிஞ்சுதா?" என்பார். "புரிஞ்சுது சார்" என்று ஒரே குரலில் பதில் வரும். பள்ளிக்கூடத்திலிருந்து பழகிய பதில். "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்றால் எல்லோரும் டேபிளைப் பார்ப்பார்கள். நாலு பேருக்கு முன்னால் பெரியவரை மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள். அந்த மரியாதையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதற்கு நாங்கள் கண்ட வழிகள் எளிமையானவை. ஒரு பக்கக் குறிப்பை முதல் நாளே கொடுத்துவிடுவோம். கூட்டத்தில் வயதில் இளையவர் முதலில் பேச வேண்டும், மூத்தவர் கடைசியில். மூத்தவர் வாய் திறந்த பிறகு மற்றவர்கள் வேறு கருத்து சொல்லமாட்டார்கள் என்பது அனுபவம். "இது சரியா?" என்று கேட்பதில்லை. "இது எப்போ, எப்படி உடையும்? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க" என்போம். குறை கண்டுபிடிப்பதே வேலை என்று ஆக்கிவிட்டால், மரியாதைக் குறைவு என்ற பேச்சு இல்லை. கடைசியாக, கேட்டவர்களில் ஒருவர் எழுந்து, தாளைப் பார்க்காமல் பலகையில் படம் போட்டுக் காட்ட வேண்டும். எங்கே தடுமாறுகிறாரோ அங்கேதான் நாம் சரியாகச் சொல்லவில்லை.

இன்னொன்று, ஒரே விளக்கம் எல்லோருக்கும் பொருந்தாது. ப்ரோகிராம் எழுதுபவருக்குக் காரணமும் வரம்பும் தெரிய வேண்டும். மேலிடத்துக்கு, இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும், செய்தால் என்ன செலவு என்பது தெரிந்தால் போதும். இரவு இரண்டு மணிக்கு விழித்திருப்பவருக்கு, நின்றுபோனால் முதலில் எதைப் பார்க்க வேண்டும், எப்போது மறுபடி ஓட்டக் கூடாது, யாரை எழுப்ப வேண்டும் என்ற மூன்று வரி வேண்டும். எங்கள் நிறுவனத்தில் கட்டமைப்பு மாறியதை இரவுப் பணியாளரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. அந்தப் பழைய தாள்தான் அவர் கையில் இருந்தது. சம்பளத்தில் கடைசியில் இருப்பவர்தான் நம் முடிவோடு தனியாக இரவில் உட்கார்ந்திருப்பவர் என்பதை மறந்துவிடுகிறோம்.

மறுப்புச் சொன்னவரின் கருத்தையும் பக்கத்திலேயே எழுதி வைத்தோம். ஆரம்பத்தில் சிலருக்குத் தயக்கம் இருந்தது. பிறகு பார்த்தால், அதனால் மனக்கசப்பு குறைந்தது. "என் பேச்சைக் கேட்கவில்லை" என்பதற்கும் "கேட்டார்கள், எழுதியும் வைத்தார்கள், ஆனால் வேறு முடிவு எடுத்தார்கள்" என்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவது நிலையில் இருப்பவர் ஒத்துழைப்பார்.

முடிவு மாறினால் பழைய பக்கத்தைக் கிழித்துப் போடக் கூடாது. நிலை என்ற இடத்தில் "மாற்றப்பட்டது, புதிய எண் இது" என்று குறித்துவிட்டு அதை அப்படியே வைக்க வேண்டும். இதை விளக்க நான் இளைஞர்களுக்கு உத்திரமேரூரைச் சொல்வேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் குடவோலை முறைக்கான விதிகளை அங்கே கோயில் சுவரில் வெட்டினார்கள். முதல் கல்வெட்டு 919, அதைத் திருத்திய இரண்டாவது 921. இரண்டே வருஷத்தில் திருத்தம் தேவைப்பட்டிருக்கிறது. ஆனால் முதலாவதைச் சுரண்டி எடுக்கவில்லை. இரண்டும் சுவரில் இருக்கின்றன. அதனால்தான் என்ன மாறியது என்று நமக்கு இன்றைக்கும் தெரிகிறது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், அந்த ஓய்வூதிய அணியில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். ஒருநாள் என் மேஜைக்கு வந்தாள்.

"சார், அந்த இடைப் பட்டியலை எடுத்துடலாம்னு இருக்கேன். நீங்க ஒருதரம் பாருங்க."

எனக்கு ஒரு நொடி வயிற்றைக் கலக்கியது. அவள் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று பழைய பக்கம். மற்றது அவள் எழுதியது. வங்கி இப்போது ஒவ்வொரு அனுப்புதலுக்கும் தனி எண் கேட்கிறது, அதே எண் இரண்டாவது முறை வந்தால் தானே திருப்பி அனுப்பிவிடுகிறது, பழைய பக்கத்தின் கடைசி வரியில் சொன்ன நிலைமை வந்துவிட்டது, ஆகவே பட்டியல் தேவையில்லை என்று எழுதியிருந்தாள். லைனை வேண்டுமென்றே பாதியில் அறுத்து மூன்று முறை சோதித்ததையும், இரவுப் பணியாளருக்கான புதிய தாளையும் இணைத்திருந்தாள்.

"மேடம்கிட்ட ஃபோன்ல கேக்கணுமா சார்?" என்றாள்.

"வேண்டாம்மா. அவங்க சொல்ல வேண்டியதெல்லாம் இந்தத் தாள்லயே இருக்கு" என்றேன். பழைய பக்கத்தில் "மாற்றப்பட்டது" என்று அவளையே குறிக்கச் சொன்னேன்.